சனிக்கிழமை மஞ்சள், திங்கட்கிழமை சிவப்பு

எக்செல் கட்டங்களுக்கு நிறம் பூசுவதற்காக மேக்ரோ என்ற சிறு நிரலை எழுதுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாளாக ஓர் இளக்காரம் இருந்தது. கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து நிறத்தை மாற்றும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மெனுவிலேயே இருக்கிறது. நான்கைந்து கிளிக்கில் முடிகிற காரியத்துக்கு ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் அழுத்தி உள்ளே போய், நிரல் எழுதி, ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் என்று சேமித்து, திறக்கும் ஒவ்வொரு முறையும் மேலே வரும் எச்சரிக்கைக்குத் தலையாட்டி, இத்தனை பாடு எதற்கு? யாராவது சந்தேகம் கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான்: மேக்ரோவைத் தூக்கிப் போடுங்கள், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதியைப் போடுங்கள். இப்போதும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இதையே சொல்வேன். அந்தப் பத்தாவது ஆள்தான் கொஞ்ச காலமாக என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறார்.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசிங் பிரிவில். எங்கள் பிழைப்பே ஒரு ஷீட்டில்தான் ஓடுகிறது. ஊரில் எல்லா அலுவலகங்களிலும் அதற்கு டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்சன், அதாவது வேலைகளின் கால அட்டவணை) என்று பெயர். வரிசைக்கு ஓர் ஆர்டர்; பக்கவாட்டில் நூல், நிட்டிங், லேப் டிப் (வாங்குபவருக்கு அனுப்பும் சாய மாதிரி) அனுமதி, டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று கடைசியில் கப்பல் வரை போகும். ஒவ்வொரு கட்ட வேலைக்கும் இரண்டு தேதிகள்: முடிந்திருக்க வேண்டிய நாள், உண்மையில் முடிந்த நாள். எங்கள் முதலாளி இந்தத் தேதிகளைப் படித்து நான் பார்த்ததே இல்லை. அறை வாசலில் நின்றபடியே என் திரையை ஒரு பார்வை பார்ப்பார். "அந்த நேவி புளூ ஏன் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது?" என்று கேட்பார். கேள்வியின் விநோதம் அவருக்கும் தெரியாது, பழகிப்போன எங்களுக்கும் உறைக்காது. வெளியாள் ஒருவர் அருகில் இருந்து சிரித்தபோதுதான் கவனித்தேன்.

ஆக, எங்கள் அலுவலகத்தில் நிறம் என்பது அலங்காரம் இல்லை. முதலாளி படிக்கிற ஒரே எழுத்து அதுதான். அதை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள் என்ற விஷயத்தில்தான் எனக்கும் எங்கள் சீனியருக்கும் கருத்து வேறுபாடு.

மூன்று நிபந்தனைகளின் காலம்

சீனியரை அலுவலகத்தில் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். அவர் வேலை கற்றது எக்செல் 2003-இல். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் எக்செல் 97-இலேயே வந்துவிட்டது என்றாலும், 2003 வரை ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் வைக்க முடியாது. எந்த நிபந்தனையிலும் சேராத நிலையையும் கணக்கில் எடுத்தால் மொத்தம் நான்கு தோற்றங்கள். துணி தைத்து அனுப்பும் தொழிலில் நான்கு நிலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முடிந்தது, ஓடுகிறது, நாள் நெருங்குகிறது, தாமதம், பையரின் (வாங்குபவரின்) பதிலுக்காக நிற்கிறது, ஜாப் ஒர்க்கில் (வெளி யூனிட்டுக்குக் கொடுத்த வேலையில்) மாட்டிக்கொண்டது, ஆர்டரே ரத்து என்று குறைந்தது ஏழாவது வேண்டும். அதனால் அந்தத் தலைமுறைக்கு மேக்ரோ ஆடம்பரம் இல்லை, வேறு வழியே இல்லை.

அண்ணனின் மேக்ரோ இன்றும் அவர் ஃபைலில் ஓடுகிறது. திறந்து பார்த்திருக்கிறேன். குறித்த பகுதியில் ஒவ்வொரு கட்டமாகப் போகும்; கட்டத்தில் இருப்பதைப் படிக்கும்; செலக்ட் கேஸ் என்று ஆரம்பித்து, இது என்றால் கலர்இண்டெக்ஸ் 3, இது என்றால் 6, இது என்றால் 4 என்று அடுக்கிக்கொண்டே போகும். 3 சிவப்பு, 6 மஞ்சள், 4 பச்சை. பழைய எக்செல்லில் ஒரு ஃபைலுக்கு 56 நிறங்கள்தான். அந்த 56-இல் எந்த எண் எந்த நிறம் என்பது அண்ணனுக்கு மனப்பாடம். யாராவது சுவரைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டால் 40 என்று சொல்லக்கூடியவர். 2007-இல் 56 என்ற வரம்பும் போய்விட்டது, மூன்று நிபந்தனை வரம்பும் போய்விட்டது. அண்ணன் மாறவில்லை.

மேக்ரோவின் குறைகளைப் பற்றி என்னிடம் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. முதலாவது, மேக்ரோ ஷீட்டைத் தொட்டுவிட்டால் அதற்கு முன் செய்தவற்றைக் கன்ட்ரோல்-இசட் போட்டுத் திரும்பப் பெற முடியாது. தவறான வரிசையில் தேதியை அடித்துவிட்டு, நிறம் பூசும் பொத்தானையும் அழுத்திவிட்டால், அவ்வளவுதான், பழையதை நினைவிலிருந்துதான் மீட்க வேண்டும். சிலர் இதைத் தானியங்கியாக்குகிறேன் என்று கட்டம் மாறும் நிகழ்வோடு மேக்ரோவைக் கட்டிவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு எண்ணை அடிக்கும்போதும் பழையது அழிந்துகொண்டே வரும். அந்த நிகழ்வும் கையால் அடித்தால்தான் கிளம்பும். வேறொரு கட்டத்தைச் சார்ந்த ஃபார்முலாவின் விடை மாறினால் அதற்குத் தெரியாது. நாள் மாறினால் சுத்தமாகத் தெரியாது. நேற்று மஞ்சளாக இருந்த கட்டம் இன்று காலை சிவப்பாக வேண்டும் என்றால் யாராவது வந்து மேக்ரோவை ஓட்ட வேண்டும். விதிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபார்முலாவை விதிக்குள் வைத்துவிட்டால் ஃபைலைத் திறந்ததுமே நிறங்கள் தாமாகச் சரியாகிவிடும்.

விதிகளிலும் வம்பு இல்லாமல் இல்லை. வரிசைகளை வெட்டி ஒட்ட ஒட்ட, ஒரே விதி துண்டு துண்டாகப் பிரிந்து, சில மாதங்களில் விதிப் பட்டியலைத் திறந்தால் ஒரே மாதிரி வரிகள் திரை கொள்ளாமல் நிற்கும். அதைச் சுத்தம் செய்வது தனி வேலை. இருந்தாலும் மேக்ரோவோடு மாரடிப்பதை விட அது மேல் என்பது என் கட்சி.

கேள்விக்குறிகளாகிப் போன தமிழ்

கிளைக்கதை ஒன்று. தையல் கூடத்தில் சூப்பர்வைசர்கள் நிரப்பும் இன்னொரு ஷீட் உண்டு. எந்தத் துணி எந்த ஜாப் ஒர்க் யூனிட்டில் இருக்கிறது என்ற கணக்கு. அதில் நிலையைத் தமிழில்தான் எழுதுவார்கள்: வந்தது, பாதி வந்தது, போகவில்லை. அதற்கும் நிறம் பூசும் மேக்ரோ கேட்டார்கள். அண்ணன் உட்கார்ந்து செலக்ட் கேஸுக்குள் போகவில்லை என்று தமிழில் அடித்தார். ஒன்பது கேள்விக்குறிகள் வந்து நின்றன. மேக்ரோ எழுதும் அந்த ஜன்னல், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடை அறியாத காலத்தில் பிறந்தது. எக்செல் கட்டத்துக்குள் தமிழ் அழகாக வரும், அதே எக்செல்லின் உள்ளறையில் வராது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வராது. இதைப் பற்றிப் புலம்பினால் ஒரு தனிக் கட்டுரை ஆகிவிடும்.

ஒவ்வோர் எழுத்தையும் அதன் எண்ணைக் கொடுத்து வரவழைக்கலாம். வ என்றால் 2997, அ என்றால் 2949. ஒரு சொல்லுக்கு ஒன்பது எண்கள் என்று எழுத யாருக்குப் பொறுமை? நான் சொன்ன வழி வேறு. சொற்களை நிரலுக்குள் வைக்காமல் ஒரு தனி ஷீட்டில் வைப்பது. ஒரு கட்டத்தில் சொல். அந்தக் கட்டத்துக்கே அதற்குரிய நிறத்தைக் கையால் பூசிவிட வேண்டும். மேக்ரோ அந்தச் சொல்லைத் தேடி, அந்தக் கட்டத்தின் நிறத்தையே எடுத்து இங்கே பூசும். நாளைக்கு ஒருவருக்கு மஞ்சள் பிடிக்கவில்லை என்றால் அந்த ஷீட்டில் மாற்றிக்கொள்ளலாம். நிரலைத் தொட வேண்டியதில்லை. தமிழுக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும் எந்த மொழிக்கும் இதுவே நல்ல முறை என்று இப்போது தோன்றுகிறது.

அப்படியும் சில வரிசைகள் நிறம் பெறாமல் நின்றன. கட்டத்தில் போகவில்லை என்றுதான் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சூப்பர்வைசர் அக்கா என்னிடம், "கம்ப்யூட்டருக்கே தமிழ் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது" என்றார். கடைசியில் பக்கத்துக் கட்டத்தில் லென் ஃபார்முலாவைப் போட்டு எழுத்துகளை எண்ணச் சொன்னேன். ஒரு வரிசையில் 9, இன்னொன்றில் 10. போ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல்களை யாரோ அரைகுறையான ஒரு மாற்றி மூலம் யூனிகோடாக்கியதில், கொம்பும் காலும் சேராமலே வந்திருந்தன. திரை இரண்டையும் ஒரே மாதிரி காட்டும். மேக்ரோ எழுத்தெண்ணிப் பார்க்கும், வேறு சொல் என்று தள்ளிவிடும். சொற்பட்டியல் ஷீட்டில் இரண்டு வடிவங்களையும் வைத்து ஒரே நிறம் பூசினோம். பிரச்சினை தீர்ந்தது.

பையிங் ஹவுஸ்காரரின் மடிக்கணினி

இனி அந்தக் கூட்டம். எங்களுக்கு வரும் ஐரோப்பிய ஆர்டர் ஒன்று கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போக வேண்டியதாயிற்று. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். கப்பலில் போக வேண்டிய டி-ஷர்ட்டுகளை விமானத்தில் ஏற்றினால் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் சரக்குக் கட்டணத்திலேயே போய்விடும். யார் தலையில் அந்தக் கட்டணம் என்று பேச, பையர் சார்பில் எங்களோடு பேசும் பையிங் ஹவுஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எங்கள் பக்கத்து வாதம் எளிமையானது. லேப் டிப் அனுப்பிவிட்டோம். நிறம் சரி என்ற பதில் உங்களிடமிருந்து தாமதமாக வந்தது. அதனால் சாயம் போடுவது தள்ளிப்போனது. மற்றதெல்லாம் அதன் பின்னால் சரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷீட்டை உங்களுக்கு மெயிலில் அனுப்பினோமே, அதில் இது மஞ்சளாக இருந்ததே.

அவர் தன் மடிக்கணினியைத் திறந்தார். அந்தச் சனிக்கிழமை நாங்கள் அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்தார். இணைப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். வரிசை முழுவதும் சிவப்பு. லேப் டிப் சிவப்பு, டையிங் சிவப்பு, கட்டிங் சிவப்பு, தையல் சிவப்பு. அது மட்டுமா, நிட்டிங்கும் சிவப்பு. "சார், இது நீங்களே அனுப்பியது. அன்றைக்கே உங்கள் நிட்டிங் தாமதம் என்று உங்கள் ஷீட்டே சொல்கிறது. எங்கள் அனுமதி அன்றே வந்திருந்தாலும் சாயம் போட உங்களிடம் துணி எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த ஃபைல்தான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வேறு கதை சொன்னது. அனுப்பிய அன்று நிட்டிங் கட்டம் வெள்ளை. முடிய வேண்டிய நாள் இன்னும் வரவில்லை, முடிந்த நாளும் நிரப்பப்படவில்லை. விதி என்ன சொல்கிறது? முடிந்த நாள் காலியாக இருந்து, முடிய வேண்டிய நாள் இன்றைக்கு முன்னால் இருந்தால் சிவப்பு. அந்த இன்று எது? அனுப்பிய நாள் இல்லை, திறந்த நாள். வாரங்கள் கழித்து அவர் திறந்தபோது, அந்தப் பழைய பிரதியில் காலியாக இருந்த ஒவ்வொரு கட்டமும் தாமதமாகத்தான் தெரியும். நிட்டிங் உரிய நாளில் முடிந்தது என்ற செய்தி அடுத்த சனிக்கிழமை ஃபைலில் இருக்கிறது. இந்த ஃபைலுக்கு அது தெரியாது, தெரியாமலே சிவந்துகொண்டிருக்கிறது.

தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டால் அன்று என்ன நிறம் இருந்திருக்கும் என்று நிரூபிக்கலாம். நானே ஒரு தாளில் அதைச் செய்து காட்டத் தொடங்கினேன். முடிய வேண்டிய நாள் இது, மெயில் போன நாள் இது, எனவே மஞ்சள். அவர் தாளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். முதலாளியும் திரையைத்தான் பார்த்தார். பணம் யார் கொடுப்பது என்ற பேச்சு நடக்கிற அறையில் கழித்தல் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களில், முதலாளியின் பார்வை திரையிலிருந்து என் பக்கம் திரும்பியபோது, எனக்கு என் கட்சி முதல் முறையாகச் சந்தேகமாகப் பட்டது.

அண்ணன் எதுவும் பேசாமல் எழுந்து போய்த் தன் கணினியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். அதே பையருக்கு அவர் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஆர்டர். அதே நிறம், அதே லேப் டிப், ஒரே அனுமதிதான் இரண்டுக்கும். அதே சனிக்கிழமை அனுப்பியது. திறந்தார். லேப் டிப் மஞ்சள். நிட்டிங் வெள்ளை. டையிங் வெள்ளை. அன்று அவர் பொத்தானை அழுத்தியபோது மேக்ரோ பூசிய நிறம் பூசியபடியே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஆகவே நிறத்துக்கும் நாள் நகரவில்லை. "இதே மெயில் உங்களிடமும் இருக்கும், பாருங்கள்" என்றார். அவரும் தேடிப் பார்த்தார். இருந்தது. அவரிடமும் மஞ்சளாகவே இருந்தது. கட்டணத்தில் ஒரு பங்கை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முழுவதையும் இல்லை, அது வேறு பேரம், இங்கே வேண்டாம்.

மேக்ரோவின் பெரிய குறை என்று நான் சொல்லி வந்தேனே, நாள் மாறினால் அதற்குத் தெரியாது என்று, அந்தக் குறைதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. விதி போட்ட நிறம் எப்போதும் நிகழ்காலத்தில் பேசும். மேக்ரோ பூசிய நிறம் இறந்தகாலத்தில் பேசும். வேலை செய்யும் ஷீட்டுக்கு முதலாவது வேண்டும். அனுப்பும் பிரதிக்கு, பத்திரப்படுத்தும் பிரதிக்கு, இரண்டாவது இல்லாமல் முடியாது.

வெளியே வந்ததும் அண்ணனிடம் கேட்டேன், இதற்காகத்தான் மேக்ரோவை விடாமல் வைத்திருந்தீர்களா என்று. சிரித்தார். "அதெல்லாம் இல்லை. நான் அழுத்தினால்தான் நிறம் மாறும். எது மாறியது என்று என் கண்ணுக்குத் தெரியும். தானாக மாறினால் எப்போது மாறியது என்று யாருக்குத் தெரியும்?" என்றார். இதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை. சனிக்கிழமை மதியம் அவர் பொத்தானை அழுத்திவிட்டு, மேலிருந்து கீழே நிறங்கள் ஓடிவருவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மேக்ரோ ஓடும்போது திரையை நிறுத்தி வைத்தால் பல மடங்கு வேகமாக முடியும் என்று ஒருமுறை சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். பிடிவாதம் என்று நினைத்தேன். அவர் அந்த நேரத்தில்தான் ஷீட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாம்பல் பத்தி

பிறகு அவருடைய பழைய ஃபைல்களைப் பார்க்கும் ஆசை வந்தது. பெரும்பாலும் சலிப்பூட்டும் பச்சைகள். ஆனால் 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு வந்தால் ஒரு மாற்றம். அந்த ஜனவரியில்தான் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரில் அப்போது இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணனின் ஷீட்டில் அதற்கு முந்தைய வாரம் வரை டையிங் பத்தியில் வழக்கமான நிறங்கள். அதற்கடுத்த ஃபைலில் அந்தப் பத்தி மேலிருந்து கீழ் வரை சாம்பல். கலர்இண்டெக்ஸ் 15. மேக்ரோவைத் திறந்தால் செலக்ட் கேஸில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதுவரை இருந்த எந்த நிலையிலும் அது அடங்காது. தாமதம் என்று சொல்ல முடியாது, ரத்து என்றும் சொல்ல முடியாது. பின்வந்த வாரங்களில் அந்தச் சாம்பலுக்கு நடுவே அங்கங்கே வேறு நிறங்கள் வருகின்றன. துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிய ஆர்டர்கள் அவை. இதே ஷீட் விதியால் நிறம் பெற்றிருந்தால் இன்று திறக்கும்போது என்ன தெரியும்? ஒரே சிவப்பு. அந்த வாரமும் மற்ற வாரங்களைப் போலவே.

இரண்டும் வேண்டும்

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். வேலை செய்யும் ஷீட்டில் விதிகள். சனிக்கிழமை மட்டும் ஒரு மேக்ரோ. அது ஷீட்டைப் புதிய ஃபைலுக்கு நகலெடுக்கும், ஒவ்வொரு கட்டமும் அந்த நிமிடத்தில் என்ன நிறத்தில் தெரிகிறதோ அதை நிரந்தரப் பூச்சாக்கும், விதிகளை அழிக்கும், டுடே ஃபார்முலா இருக்கும் இடங்களில் அன்றைய தேதியையே பதிக்கும், பெயரில் தேதியைச் சேர்த்துச் சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமிக்கும். மேக்ரோ உள்ள ஃபைலை மெயிலில் அனுப்புவது இப்போது வீண் வேலை. இணையம் வழி வரும் ஃபைல்களில் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. அனுப்பும் பிரதியில் மேக்ரோவும் இல்லை, விதியும் இல்லை, வெறும் நிறம்தான்.

இதை எழுதும்போது தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கட்டத்தின் நிறம் என்ன என்று மேக்ரோவில் வழக்கமான முறையில் கேட்டால், விதி காட்டும் நிறத்தை அது சொல்லாது. அடியில் கையால் பூசிய நிறத்தைத்தான் சொல்லும். கண்ணுக்குத் தெரியும் நிறம் வேண்டும் என்றால் எக்செல் 2010-இல் வந்த டிஸ்ப்ளேஃபார்மேட் வழியாகக் கேட்க வேண்டும். நிறமே இல்லாத கட்டத்தையும் அது வெள்ளை என்று சொல்லும். அதை நம்பி வெள்ளையைப் பூசினால் கட்டக்கோடுகள் மறைந்து ஷீட் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். பூச்சு உண்டா இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லாததை விட்டுவிட வேண்டும்.

கூடவே நிறத்தை மட்டும் நம்பாமல் கட்டத்தில் ஓர் எழுத்தையும் சேர்க்கிறோம்: தாமதத்துக்குத் தா, காத்திருப்புக்குக் கா. எங்கள் பையர்கள் ஐரோப்பியர்கள். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு பச்சை பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உண்டு. நிறத்தையே தொழிலாக வைத்திருக்கும் நாங்கள் இதை நினைத்துப் பார்க்க இவ்வளவு காலம் ஆனது வேடிக்கைதான். அவர்களுக்குப் போகும் பிரதியில் எழுத்து ஆங்கிலத்தில்.

அண்ணன் என் மேக்ரோவைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இளநீலம் என்ன ஆகும்? அவர் ஷீட்டில் சில கட்டங்களைக் கையால் இளநீலம் ஆக்கி வைப்பார். நேரில் பேசிவிட்டேன், இந்தத் தேதியை அவ்வளவாக நம்பாதே என்று அதற்குப் பொருள். கலர்இண்டெக்ஸ் 37 இருந்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போ என்று அவர் மேக்ரோவில் முதல் வரியே இருக்கிறது. விதி போட்ட ஷீட்டில் இது நடக்காது. விதியின் நிறம் மேலே ஏறிக்கொள்ளும். கையால் பூசியது அழியாது, ஆனால் அடியில் ஒளிந்துகொள்ளும். எங்கள் இளையவர்கள் கட்டங்களுக்கு நிறம் பூசுவதையே விட்டுவிட்டு வாட்ஸாப்பில் சொல்லிக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. அவர்கள் பூசினார்கள், ஷீட் காட்டவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள். இதற்கு நான் கண்ட வழி அவ்வளவு நேர்த்தியாக இல்லை. எல்லா விதிகளுக்கும் மேலே ஒரு விதியை வைத்து, பக்கத்தில் ஒரு குறுகிய பத்தியில் புள்ளி வைத்தால் மற்ற விதிகளை நிறுத்தி இளநீலத்தைக் காட்டும்படி செய்தேன். அண்ணனுக்குத் திருப்தி இல்லை. பூசுவது வேறு, புள்ளி வைப்பது வேறு என்கிறார். அவர் ஆர்டர்கள் இன்னும் அவர் ஃபைலிலேயே இருக்கின்றன. நானும் வற்புறுத்துவதை நிறுத்திவிட்டேன்.

இதற்கிடையில் முதலாளிக்குக் கைப்பேசியிலேயே ஷீட்டைப் பார்க்க வேண்டுமாம். கைப்பேசி எக்செல்லில் மேக்ரோ ஓடாது. கூகுள் ஷீட்ஸுக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது. அங்கேயும் விதிகள் உண்டு, ஸ்கிரிப்ட் எழுதும் வசதியும் உண்டு, சனிக்கிழமை தானாக ஓடும்படி நேரம் குறித்து வைக்கவும் முடியும். ஆனால் கட்டத்தின் பின்னணி நிறத்தை ஸ்கிரிப்டில் கேட்டால் கையால் பூசியதை மட்டுமே தருகிறது. டிஸ்ப்ளேஃபார்மேட்டுக்கு ஈடான ஒன்று அங்கே இல்லை. எனவே விதிகளில் எழுதியிருக்கும் கணக்கையே ஸ்கிரிப்டிலும் இன்னொரு முறை எழுதி, அதன்படி பூச வேண்டியிருக்கிறது. விதியை ஒருவர் மாற்றி ஸ்கிரிப்டை மாற்ற மறந்தால் திரையில் ஒரு நிறம், அனுப்பும் பிரதியில் வேறு நிறம். அதைத் தடுக்க, நாள் வரம்புகளை ஒரு தனி ஷீட்டில் வைத்து இரண்டும் அங்கிருந்தே படிக்கும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ச் சொற்களை ஸ்கிரிப்டிலேயே நேரடியாக அடிக்க முடிகிறது, கேள்விக்குறிகள் வரவில்லை. போகவில்லை மட்டும் இன்னும் இரண்டு வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது.